தலையணையில் எறும்பு

ஜூன் 9, 2025 – திங்கள்

காலையில் தர்ஷியின் தலையணையில் மறுபடியும் எறும்பு. சிவப்புப் பொடி எறும்பு. சுவரிலிருந்து வரிசையாக இறங்கி, அவள் கன்னம் வைத்துப் படுக்கும் இடத்துக்கே வந்து மொய்க்கிறது. உறையைக் கழற்றித் துவைத்துப் போட்டேன். காயத்தான் வழியில்லை, நேற்றிலிருந்து மலை மூடிக் கிடக்கிறது. ராத்திரி வலிப்பு மருந்து கொடுக்கும்போது கொஞ்சம் சிந்தியிருக்கும்.

கூட்டுறவுச் சங்கத்தில் இன்று தேன் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டும் வேலை. சாயங்காலம் வரை நின்றதில் முதுகு போய்விட்டது. வீட்டுக்கு வந்தால், காலையில் வைத்த தோசை அப்படியே இருக்கிறது. ஓரத்தை மட்டும் பிய்த்து, பாலில் நனைத்துச் சாப்பிட்டிருக்கிறாள். கேட்டால் பசிக்கவில்லை என்கிறாள். நாலரை வயதுக்குப் பசிக்கவில்லையாம்.

ஜூன் 12 – வியாழன்

இன்று பிடித்து உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னேன். மாட்டேன் என்று முரண்டு பிடித்தாள். கெஞ்சி, அதட்டி, கடைசியில் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டேன்.

மேல் வரிசையில் முன்பற்கள் நான்கும் ஈறோரம் பழுப்பாகிவிட்டன. ஒன்று பாதி பொடிந்துபோயிருக்கிறது. கடைவாயில் ஒரு குழி, அதன் பக்கத்தில் ஈறு கொப்புளம் மாதிரி வீங்கியிருக்கிறது. எப்போது நடந்தது இதெல்லாம்? தினமும் பார்க்கிற முகம்தானே? கொஞ்ச நாளாகச் சிரிக்கும்போது வாயைக் கையால் பொத்திக்கொள்கிறாள். பெரிய மனுஷி, வெட்கப்படப் பழகிவிட்டாள் என்று அவள் அப்பா ராஜ்குமாரிடம் போனில் சொல்லிச் சிரித்தேன். அவருக்கு ஓசூர் கம்பெனியில் வேலை, மாதத்துக்கு இரண்டு முறை வருகிறவருக்கு நான் சொல்வதுதானே செய்தி. வெட்கமும் இல்லை ஒன்றும் இல்லை. அங்கன்வாடியில் பிள்ளைகள் 'கரிப்பல்லு' என்று கூப்பிடுகிறார்களாம்.

ஒடுகத்தூரிலிருந்து என் அம்மா கொடுத்தனுப்பும் மிட்டாய்தான் காரணம் என்று மாமா, ராஜ்குமாரின் அப்பா, சொல்லிவிட்டார். அம்மா கடைசியாக மிட்டாய் அனுப்பியது பொங்கலுக்கு. சண்டை போடத் தெம்பில்லை.

சண்டை போடவும் மனசு வராது. மூன்று வயதில் இவளுக்கு முதல் வலிப்பு வந்தபோது நான் கத்திக்கொண்டுதான் நின்றேன். தோளில் போட்டுக்கொண்டு ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் மாமாதான். அன்றிலிருந்து மருந்து கொடுப்பது அவர் வேலை. காலையும் ராத்திரியும் நான் மூடியில் அளந்து கொடுப்பேன். அவர் மடியில் வைத்து ஊட்டிவிட்டு, கட்டைவிரலில் தேனைத் தொட்டு நாக்கில் வைப்பார். இந்த மலையில் எந்த மருந்தும் தேன் இல்லாமல் இறங்காது. ராத்திரி அவள் அந்த விரலைச் சப்பிக்கொண்டே தூங்கிவிடுவாள். ஒன்றரை வருடமாக ஒரு நாள் தவறியதில்லை, வலிப்பும் திரும்ப வரவில்லை. அந்த ஒரு நிம்மதியில்தான் நான் சங்கத்துக்கு வேலைக்குப் போகிறேன்.

ஜூன் 17 – செவ்வாய்

வேலூர் போய் வந்தோம். முதல் பஸ்ஸில் போய் கடைசி பஸ்ஸில் திரும்பினோம். அமிர்தி இறக்கத்தில் தர்ஷி இரண்டு முறை வாந்தி எடுத்தாள்.

பல் டாக்டரம்மா நிதானமாகப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, எதிர்த்துப் பேசியிருப்பேன். என்னென்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். பிஸ்கட், சாக்லேட், பால்புட்டி – எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். ஏதாவது மருந்து ரொம்ப நாளாகக் கொடுக்கிறீர்களா என்றார். பையிலிருந்து சிரப் பாட்டிலை எடுத்துக் காட்டினேன். அவர் முகம் மாறியது.

"இதுல சர்க்கரை இருக்கும்மா. கசப்பு தெரியாம குழந்தைங்க குடிக்கணும்னு போடறது. தூங்கறப்ப எச்சில் சரியா ஊறாது, அதனால சர்க்கரை கழுவிப் போகாம பல்லு மேலேயே நிக்கும்."

மாத்திரையாக இருந்தால் இது இல்லையாம். ஆனால் இந்த வயதில் விழுங்க மாட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கையைத் தூக்கி நிறுத்தினார். இந்த மருந்தை நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது என்று அழுத்திச் சொன்னார். நேரத்தை மட்டும் மாற்றலாம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் மருந்து, சாப்பாடு முடிந்ததும் பல் தேய்ப்பது, அதன் பிறகு தண்ணீர் மட்டும். எதிர்வார்டில் வலிப்பு டாக்டரையும் பார்த்துக் கேட்டேன். நேரத்தை அப்படி மாற்றலாம் என்றார். வலிப்பு அடங்கியிருக்கும்போது மருந்தையே மாற்றுவது இப்போது வேண்டாம், இன்னும் இரண்டு வருடமாவது போகட்டும் என்றார்.

முன்பற்களைக் காப்பாற்ற முடியாது, எடுக்கத்தான் வேண்டும். கடைவாய்ப் பற்களுக்கு மூடி போடலாம். இவ்வளவு சின்னப் பிள்ளையை உட்காரவைத்துச் செய்ய முடியாது என்பதால், மயக்கம் கொடுத்து ஒரே நாளில் முடிப்பார்களாம். ஜூலை எட்டாம் தேதி. அதுவரை வலிப்பு எட்டிப் பார்க்கக் கூடாது.

கிளம்பும்போது டாக்டரம்மா மறுபடி கேட்டார், மருந்துக்கு மேலே வேறு ஏதாவது இனிப்பு கொடுப்பதுண்டா என்று. "ஒண்ணும் இல்லீங்க" என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன்.

ஜூன் 18 – புதன்

கொடுத்தால் பல் போகிறது. கொடுக்காவிட்டால் பிள்ளை போய்விடுவாள். இருதலைக்கொள்ளி எறும்பு என்பார்கள். என் வீட்டில் எறும்புக்கு ஒரு குறையும் இல்லை, தலையணையில் சுகமாகத்தான் இருக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்டது நான்தான்.

ஜூன் 20 – வெள்ளி

நேற்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் நானே மருந்து கொடுத்துப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு தலையைத் திருப்பினாள். மூக்கைப் பிடித்தேன். என் மேலேயே துப்பினாள். எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு புடவையில் போனது என்று தெரியாமல் மறுபடி கொடுக்கவும் பயம், கொடுக்காமல் விடவும் பயம். தாத்தாதான் வேண்டுமாம். தாத்தா சாமைக் கொல்லையிலிருந்து பன்றியை விரட்டிவிட்டு இருட்டின பிறகுதான் வருவார்.

இன்று இரவு பழையபடி அவர் கையாலேயே. மடியில், தூங்கும் நேரத்தில். பிரஷ்ஷோடு பக்கத்தில் நின்றேன். அதற்குள் தூங்கிவிட்டாள். தூங்குகிற பிள்ளை வாயில் பிரஷ்ஷை விட்டால் கடிக்கிறாள்.

ஜூன் 22 – ஞாயிறு

ராஜ்குமார் இந்த வாரமும் வரவில்லை. ஓவர்டைமாம். இங்கே ஜன்னலோரத்தில்தான் சிக்னல் கிடைக்கும், அதுவும் ஸ்பீக்கரில் போட்டுக் கத்த வேண்டும். கத்தினேன். ராத்திரி கொடுக்கிற இந்தச் சிரப்புதான் பிள்ளை பல்லைத் தின்கிறது, உங்களுக்கென்ன, ஓசூரில் உட்கார்ந்துகொண்டு பேசுவீர்கள் என்றேன். அப்பாவிடம் பக்குவமாகச் சொல் என்றார். யார் யாருக்குப் பக்குவமாகச் சொல்வது? நான்தான் இந்த வீட்டில் எல்லோருக்கும் பக்குவம் பார்க்க வேண்டும்.

மாமா வெளியே புளி உடைத்துக்கொண்டிருந்தார். சுத்தியல் சத்தம் நடுவில் நின்றது. கேட்டிருப்பார். கேட்கட்டும்.

ஜூன் 28 – சனி

இந்த வாரம் கொஞ்சம் பரவாயில்லை. மருந்தை அடுப்படியில் அளந்து வைத்துவிட்டால் மாமாவே எடுத்துப்போய்க் கொடுத்துவிடுகிறார். பின்கட்டில் உட்கார்ந்து கொடுக்கிறார், நீ போய் மத்த வேலையப் பாரு என்கிறார். மூடியும் கழுவித் தயாராக இருக்கிறது. அழுகை இல்லை, முரண்டு இல்லை. பிள்ளை காலையில் முன்னைவிடத் துறுதுறுவென்று இருக்கிறாள்.

பின்கட்டில் அவரைக்கொடியின் அடியில் எறும்பு அப்பிக்கிடக்கிறது. மஞ்சள் தூள் போட வேண்டும்.

ஜூலை 3 – வியாழன்

வந்துவிட்டது.

விடியற்காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். மாமா என் பெயரைச் சொல்லிக் கத்தினார். கண் மேலே செருகி, கை கால் வெட்டி, வாயில் நுரை. நுரையில் ரத்தம். அந்தப் பொடிந்த பல்லு உதட்டைக் கிழிச்சிருக்கு. ஒருக்களித்துப் படுக்கவைத்தேன், சொல்லிக்கொடுத்ததை எல்லாம் செய்தேன், இந்த முறை கத்தவில்லை. மாமா மறுபடி தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். அவருக்கும் வயதாகிவிட்டது, வழியில் நின்று நின்று மூச்சு வாங்கினார்.

ஏன் வந்தது? ஏன்? ஒரு வேளை தவறலையே. டாக்டர் கேட்டார், மருந்து விட்டுப்போச்சா என்று. பிள்ளை தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினேன், இல்லை என்று.

ஜூலை 4 – வெள்ளி

பொய்ச் சத்தியம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமா அவராகவே வந்து சொன்னார். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"ராத்திரி மருந்த நான்தாம்மா கீழ ஊத்திட்டேன். அதான் பல்லத் தின்னுதுன்னு நீதான போன்ல சொன்ன. காலையில குடுக்கறது போதும்னு நெனச்சேன்."

கேட்டேன், அப்படியானால் ராத்திரி பிள்ளை எதைக் குடித்துவிட்டுச் சத்தம் போடாமல் தூங்கினாள் என்று.

"தேன் குட்த்தேன். வெறும் மருந்துதான நிறுத்தினேன், தேன நிறுத்தலியே. அதுவாச்சும் ஒடம்புக்கு நல்லதுன்னு ரெண்டு வெரலா சேத்துக் குட்த்தேன்."

மருந்தை நிறுத்திவிட்டு, தேனைக் கூட்டியிருக்கிறார்.

தேன். அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் என் கண் முன்னால்தான் அந்த விரல் அவள் வாய்க்குப் போனது. வேறு இனிப்பு உண்டா என்று டாக்டரம்மா இரண்டு முறை கேட்டார். எனக்குத் தேன் ஞாபகத்துக்கே வரவில்லை. மறைக்கவில்லை, வரவில்லை. சீனி இனிப்பு, வெல்லம் இனிப்பு, மிட்டாய் இனிப்பு. தேன் இந்த மலையில் இனிப்பில் சேர்த்தி கிடையாது, அது மருந்து. சங்கத்தில் நானே ஒட்டுகிற லேபிளில் அப்படித்தான் போட்டிருக்கிறது. எறும்புக்குத் தெரிந்தது எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

ஜூலை 6 – ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். பை கட்டினேன். ஒடுகத்தூர் போய்விடலாம். அம்மா போனில் வந்துடு, வந்துடு என்கிறாள். அங்கே அண்ணன் குடும்பத்தோடு இரண்டே அறை. பரவாயில்லை, சமையல்கட்டில் படுத்துக்கொள்வோம். ராஜ்குமாரிடம் சொன்னேன். அப்பா தனியாகிவிடுவாரே என்றார். என் பிள்ளைக்கு வலிப்பு வந்த மூன்றாம் நாள் அவர் கவலை அவங்க அப்பா தனியா இருக்கறது. என்னால முடியல. நெஜமாவே முடியல.

பஸ்ஸுக்கு முன்னால் காலை மருந்தை நானே கொடுக்கப் பார்த்தேன். துப்பினாள். மறுபடி அளந்தேன். மறுபடி துப்பினாள். உதட்டுக் காயத்தில் பட்டு வீறிட்டு அழுதாள், தாத்தா, தாத்தா என்று. ஒடுகத்தூரில் போய் இவளுக்கு யார் கொடுப்பார்கள்? நான் கொடுத்தால் துப்புவாள். துப்பினால் மறுபடி வரும்.

கடைசியில் நானே போய் மாமாவைக் கூப்பிட்டேன். மருந்தை யார் கொட்டினாரோ, அவர் கையைத் தவிர வேறு கையால் குடிக்க மாட்டாள். இதைவிட ஒரு கேவலம் உண்டா? மடியில் வாங்கிக்கொண்டார். தேனுக்காக வாயைத் திறந்தபடி விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் முறைத்தேன். கொடுக்காமல் எழுந்து போனார். அதற்கும் அழுதாள்.

பஸ் போய்விட்டது. பையைப் பிரிக்கவில்லை. மூலையிலேயே இருக்கட்டும்.

ஜூலை 7 – திங்கள்

வேலூரிலிருந்து போன். நாளைக்கு வர வேண்டாம். மறுபடி வலிப்பு இல்லாமல் கொஞ்ச காலம் போனால்தான் மயக்கம் கொடுப்பார்களாம். கொப்புளத்துக்கு வேறு மருந்து சொன்னார்கள். அதுவும் சிரப்புதான். சிரித்துவிட்டேன்.

ஜூலை 9 – புதன்

தேன் இல்லை என்றதும் இப்போது மாமா கையிலும் துப்ப ஆரம்பித்துவிட்டாள். மூன்று நாளாக இதே கூத்து. கெஞ்சி, பாட்டுப் பாடி, யானை பூனை காட்டி, எப்படியோ பாதிப் பாதியாக உள்ளே தள்ளுகிறோம். ஒவ்வொரு வேளையும் ஒரு யுத்தம். நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. நான் மூடியை நீட்டுவேன், அவர் வாங்குவார், அவ்வளவுதான்.

இன்று சாயங்காலம் துப்பியது அவர் கையெல்லாம் வழிந்தது. அவர் ஆயுசு முழுக்கத் தேன் அடை பிழிந்த மனுஷன். கையில் எது ஒட்டினாலும் நக்கிவிடுவார், பழக்கம். அப்படியே விரலை வாயில் வைத்தார். வைத்தவர் நின்றுவிட்டார். பாட்டிலை எடுத்து, இன்னொரு சொட்டு விரலில் விட்டு நக்கிப் பார்த்தார்.

மூன்று நாளில் முதல் வார்த்தை.

"இது இனிப்பா கீதும்மா."

ஆமாம் மாமா என்றேன். அதைத்தானே டாக்டரம்மா சொன்னார்கள்.

"மருந்துன்னா கசக்கும்னுதான தேன் வெச்சேன். வேப்பங்கொழுந்து, நெலவேம்பு, எதக் குட்த்தாலும் மேல தேன் வெப்போம். இது பாகு மாதிரி கீது. இதுக்கு எதுக்குத் தேனு? ஒன்ற வருசமா பாகு மேல தேன ஊத்திக் கீறேன்."

சொல்லிவிட்டுக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் போகவில்லை. ஆனால் அதை வைத்துக்கொள்ள இடமும் இல்லாமல் போய்விட்டது. இவர் ஒரு சொட்டுகூட ருசி பார்த்ததில்லை. பிள்ளை மருந்தாயிற்றே, குறைந்துவிடுமே என்று நினைத்திருப்பார். சரி, நான் பார்த்தேனா? நானும் இல்லை.

ஜூலை 16 – புதன்

மாமா இப்போது பொழுது சாய்வதற்குள் கொல்லையிலிருந்து வந்துவிடுகிறார். சாமையைப் பன்றி மேய்ந்தால் மேயட்டும் என்கிறார். சாப்பாட்டுக்கு முன் மருந்து. சாப்பிட்டதும் பல் தேய்ப்பது. தேன் காலைச் சாப்பாட்டோடு மட்டும், களியில் கொஞ்சம். அதற்குப் பிறகும் பிரஷ்.

பல் தேய்க்க அவரே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். இருவரும் பின்கட்டில் துவைகல்லின் மேல் ஏறி நிற்கிறார்கள். வாய் நிறையத் தண்ணீர் வைத்துக் கொப்புளித்து, யார் தூரமாகத் துப்புவது என்று போட்டி. குறி அவரைக்கொடி. அதே அவரைக்கொடி. அதற்காகவே மருந்தைச் சீக்கிரம் விழுங்குகிறாள். தினமும் தாத்தாதான் ஜெயிக்கிறார், அவருக்கு முன்பல் இரண்டு இல்லை. இன்றும் தோற்றுவிட்டு அழுதாள். படுக்கும்போது விரல் கேட்டு இன்னொரு முறை அழுதாள். கன்னம் லேசாக வீங்கியிருக்கிறது. ராத்திரி எப்படிப் போகுமோ.

ஆகஸ்ட் 10 – ஞாயிறு

ராஜ்குமார் வந்திருந்தார். மூலையில் இருக்கும் பையைப் பார்த்தார். தன் பையைக் கதவோரம் வைத்தார்.

ஆகஸ்ட் 24 – ஞாயிறு

தூக்கத்தில் அவள் கால் உதறினால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். கொசுவாக இருக்கும். இருந்தாலும். இன்னும் இரண்டு வருடம் இப்படித்தான் தூங்குவேனா?

செப்டம்பர் 23 – செவ்வாய்

முடிந்தது. காலையில் உள்ளே அழைத்துப் போனார்கள். நானும் மாமாவும் கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். ராஜ்குமார் ஓசூரிலிருந்து மத்தியானம்தான் வந்து சேர்ந்தார். டாக்டரம்மா வெளியே வந்து எல்லாம் நல்லபடி என்றார். மேல் முன்பல் நான்கும் போய்விட்டன. கடைவாயில் வெள்ளி மூடிகள். புதுப் பல் முளைக்க இன்னும் இரண்டு மூன்று வருடம் ஆகுமாம்.

மயக்கம் தெளிந்ததும் நாக்கால் துழாவிப் பார்த்தாள். காலியாக இருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். டாக்டரம்மா மறுபடி அதே கேள்வியைக் கேட்டார், ராத்திரி மருந்துக்கு மேலே ஏதாவது கொடுக்கிறீர்களா என்று. நான் பதில் சொல்வதற்குள் மாமா எழுந்து நின்றார். "நான்தாங்க குட்த்துனு இருந்தேன், தேன். இப்ப இல்லீங்க" என்றார்.

அக்டோபர் 5 – ஞாயிறு

பையைப் பிரித்து அலமாரியில் அடுக்கினேன். துணியெல்லாம் பூசண வாடை.

தலையணையில் எறும்பு இல்லை. மருந்துப் பாட்டில் பாதிதான் இருக்கிறது, அடுத்த வாரம் போய் வாங்கிவர வேண்டும். அதற்கடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும்.

சாயங்காலம் அடுப்படியில் இருந்தேன். பின்கட்டில் துவைகல்லின் மேல் இருவரும். மாமா முதலில் துப்பினார், வழக்கம்போல் கொடியின் வேர் வரைக்கும் போனது. தர்ஷி கன்னம் உப்ப நிறுத்தி, அந்த நான்கு பல் சந்து வழியாக ஒரே பீச்சாகப் பீச்சினாள். கொடியைத் தாண்டி வேலியில் போய் விழுந்தது. மாமா வேலிவரை நடந்துபோய்க் குனிந்து பார்த்துவிட்டு, "தோத்துட்டேன்டி" என்றார்.

அவள் என் பக்கம் திரும்பி வாயெல்லாம் சிரித்தாள். ஈறு முழுக்கத் தெரிய, அத்தனை பெரிய சிரிப்பு. கையை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

நான்தான் என் வாய்க்குக் கொண்டுபோனேன்.